மகளிடம் ஒரு வருடம் பேசாத தமிழ்

"...சொந்தத்துல எல்லாரும் சொல்லிக்கினு இருக்காங்க, ரெண்டு பாஷை பேசினா கொழந்தைக்குக் கொழம்பிப்பூடுமாம். இனிமே அவகிட்ட தெலுங்கு மட்டுந்தான்" என்று என் கணவர் சொன்னபோது நானும் தலையாட்டினேன். ஆந்திராவின் நகரியில் விசைத்தறி ஓட்டும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. ஆட்டிசம் உள்ள எங்கள் ஆறு வயது மகளுக்குப் பேச்சு வரவில்லை, பள்ளியிலோ தெலுங்கு.

வாய் ஓயாதவள் என்று தெருவே கேலி செய்யும் நான், அரைகுறைத் தெலுங்கில் வா, போ, சாப்பிடு என்பதோடு நிறுத்திக்கொண்டேன். கொஞ்சலும் கதையும் போயின. ஒரு வருடத்தில் அவள் என் பக்கம் வருவதே குறைந்தது. ஒருமுறையாவது அம்மா என்று கூப்பிட மாட்டாளா என்று ஏங்கிப்போனேன்.

திருப்பதியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் இதைக் கேட்டுவிட்டு, "உங்களுக்குக் கொஞ்ச வர்ற பாஷையில பேசுங்கம்மா. ரெண்டு பாஷையால அவளுக்கு ஒண்ணும் கெட்டுப்போவாது" என்றார்.

இப்போது யார் எதைச் சொன்னாலும் அந்தப் பயிற்சியாளரிடம் கேட்காமல் நாங்கள் எதையும் மாற்றுவதில்லை. தலை வாரும்போதும் சோறு ஊட்டும்போதும் தமிழில் பேசிக்கொண்டே இருக்கிறேன். மகள் இன்னும் அம்மா என்று கூப்பிடவில்லை.

அன்று திருப்பதியிலிருந்து வீட்டுக்கு வந்து அவர் சொன்னதைச் சொன்னதும் கணவர் ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டு, மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "நைனா பேசறேன், கேளு கண்ணு" என்று, காலையில் நூல் அறுந்ததிலிருந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார்.