ஆளுக்கு இரண்டு முனை

ஓட்டல் சலவைக்கூடத்தில் அவனுக்குப் பெயர் அகராதி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் போடுகிறவருக்குத்தான் தெரியும். கீழ்த்தளத்து வெக்கையில் வெந்துகொண்டே, மேலே வரவேற்பு மேசையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று கனவு கண்டான். கனவுக்கு என்ன, காசா பணமா! அங்கே போக இங்கிலீஷ் வேண்டும். 'எஸ் சார்' இங்கிலீஷ் இல்லை, கனமான இங்கிலீஷ்.

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு இரண்டு முனை. எதிரெதிரே நடந்து வந்து முனைகள் சேரும்போது அகராதி ஒரு வார்த்தை சொல்வான். அவன் கூட்டாளி குட்டையன் அர்த்தம் சொல்வான்.

"எலக்வன்ட்."

"நல்லா பேசத் தெரிஞ்சவன்."

"இன்ட்ரெப்பிட்."

"எதுக்கும் பயப்படாதவன்."

"கமராடரி."

"சிநேகம். அதான், நம்ம ரெண்டு பேரு. போதும் மச்சான், துணிய இழு."

குட்டையனுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. சிநேகிதனுக்காக அத்தனையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்திருந்தான்.

இஸ்திரி உருளையில் கை சிக்காமல் காக்கும் தடுப்புக் கம்பி உடைந்து போயிற்று. இருவரும் சேர்ந்து போய் மேனேஜரிடம் சொன்னார்கள். பார்க்கலாம் என்றார். அவர் பார்ப்பதற்குள் உருளை குட்டையனின் வலது கையைப் பார்த்துவிட்டது.

விசாரணைக்கு முதலாளியே வந்தார். "சொன்னோம் சார், முன்னாடியே சொன்னோம்" என்று குட்டையன் கட்டுப் போட்ட கையோடு கதறினான். மேனேஜர் இல்லவே இல்லை என்றார். முதலாளி அகராதியின் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டார், சொன்னீர்களா என்று. மேனேஜரும் அவனையே பார்த்தார். வரவேற்பு மேசைக்கு ஆள் எடுப்பவர் அவர்தான்.

அகராதி வாயைத் திறந்தான். இத்தனை நாள் விழுங்கிய வார்த்தைகளில் ஒன்றாவது எழுந்து வர வேண்டாமா? வந்தது இவ்வளவுதான்.

"நோ சார்."

அதற்கு அர்த்தம் குட்டையனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. கவனக்குறைவு என்று அவனை வேலையை விட்டு நீக்கினார்கள். வாசலில் அகராதியின் தோளை இடக் கையால் தொட்டான்.

"உனக்காவது அந்த வேல கெடைக்கட்டும் மச்சான்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கிடைக்கவில்லை. மேசையில் மேனேஜரின் மைத்துனன் உட்கார்ந்தான்.

குட்டையனுக்குப் பதிலாக யாரையும் எடுக்கவில்லை. அகராதி விரிப்பின் இரண்டு முனைகளைச் சுவர் ஆணிகளில் மாட்டித் தனியாக மடிக்கிறான். சுவரை நெருங்கும்போது, பழக்க தோஷம், வாய் தானாக "இன்ட்ரெப்பிட்" என்கிறது. பிறகு முனைகளைக் கழற்றிக்கொண்டு அடுத்த விரிப்பை எடுக்கிறான்.