கூட உட்கார ஓர் ஆள்

நோயாளி இருக்கும் வீட்டுக்கு எங்கள் ஆட்கள் என்ன கொண்டுபோவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஜெபமாலை. லினெட் வீட்டு அலமாரியில் பிரிக்காத ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். கடையே வைக்கலாம்டி என்று ஒருநாள் சொன்னேன். என் வாய் சும்மா இருக்காது. அவள் சிரிக்கவில்லை.

ரெட்டியார்பாளையத்தில் எனக்கு அடுத்த வீடு அவளுடையது. புருஷன் அந்துவான் ஏசி மெக்கானிக். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டு மாடியில் ஏசி மாட்டும்போது சன்ஷேடிலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. முதல் வருஷம் எப்படியும் நடந்துவிடலாம் என்று நம்பினார். அந்த நம்பிக்கை போனபிறகு பேச்சும் போனது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். யாராவது பார்க்க வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, லினெட்டை மட்டும் வெளியே கூப்பிட்டு, ஆளைத் தனியாக விடாதீர்கள் என்றாராம். சொல்வது சுலபம். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒரே மகள் பெங்களூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். வீடியோ காலில் அழுவாள், இவள்தான் அதற்கும் சமாதானம் சொல்ல வேண்டும்.

லினெட் வீட்டிலேயே பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறாள். படுக்கைப் புண் வராமலிருக்க அவரை அடிக்கடி புரட்டிப் போட வேண்டும், ராத்திரியிலும். அதனால் அவள் சேர்ந்தாற்போல் தூங்கி வருஷங்கள் ஆகிவிட்டன. போன மாதம் மிஷினிலேயே கண் அசந்து ஊசி விரலில் ஏறிவிட்டது. நான்தான் கட்டுப் போட்டேன். வலிக்கவே இல்லை என்றாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் போய் உட்காரலாமென்றால் துணி மாற்றுவதும் துடைப்பதும் வேற்றுப் பொம்பளை செய்ய அவருக்கு வெட்கம், விடமாட்டார்.

எங்கள் பங்குக் கோயிலில் அன்பியம் என்று ஒன்று உண்டு. தெருவில் உள்ள குடும்பங்கள் சேர்ந்து வீடு மாற்றி வீடு ஜெபம் செய்வோம். அந்த மாதக் கூட்டம் என் வீட்டில். முடிந்து சுண்டல் கொடுக்கும்போது லினெட் எங்கள் தலைவி ரோசா அக்காவிடம் போய், தன்னால் முடியவில்லை, யாராவது வந்து கூட இருந்தால் தேவலை என்றாள். இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. ரோசா அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அவர் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். நேரே பங்குச் சாமியாரிடம் போய், நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில் பூசுதலுக்கு நாள் குறித்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஒரு வீட்டில் முடியவில்லை என்று கேள்விப்பட்டால் எங்கள் ஆட்களுக்கு உடனே ஞாபகம் வருவது மந்திரித்த எண்ணெய்தான்.

அந்துவானிடம் சொன்னால் திட்டு விழும் என்று லினெட் நினைத்திருக்கிறாள். அவரோ, சவரம் பண்ணிவிடு, வெள்ளைச் சட்டையை எடுத்து வை என்றிருக்கிறார். மாதக்கணக்கில் சீப்பைக்கூடத் தொடாத மனுஷர். லினெட் என் வீட்டுக்கு ஓடிவந்து நல்ல போர்வை ஒன்று இரவல் கேட்டாள். "அவரு மாறிட்டாருக்கா" என்றாள். அவளை அப்படிச் சந்தோஷமாகப் பார்த்து நாளாயிற்று. புதுப் போர்வையையே எடுத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் வந்தார், பின்னாலேயே அன்பியம் முழுக்க வந்தது. சின்ன அறை, பாதிப் பேர் வாசலில் நின்றோம். பாட்டு முடிந்தது. சாமியார் அந்துவானின் நெற்றியில் எண்ணெய் பூசினார். அந்துவான் தானாகவே உள்ளங்கை இரண்டையும் விரித்து நீட்டினார். எல்லோருக்கும் கண் கலங்கியது. பிறகு அவர் பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னார்.

"முடிஞ்சிது லினெட். இனிமே நீ தூங்கலாம்."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பழைய ஆட்கள் இருந்த வீடுகளில் இந்தப் பூசுதலுக்கு அவஸ்தைப் பூசுதல் என்று பெயர். சாகக் கிடப்பவனுக்குக் கடைசியாகப் பூசுவது என்று சொல்லியே வளர்ப்பார்கள். மனுஷர் தன்னை வழியனுப்ப வரப்போகிறோம் என்று நினைத்துத்தான் சவரம் பண்ணிக்கொண்டிருக்கிறார். அதில் அவருக்கு வருத்தம்கூட இல்லை, அதுதான் கொடுமை. சாமியார் பதறிப்போய், இது சாவுக்கு இல்லை, நோயைத் தாங்கப் பலம் கேட்டுப் பூசுவது என்று குனிந்து விளக்கினார். அந்துவான் ஏமாந்துபோனவராகக் கண்ணை மூடிக்கொண்டார்.

லினெட் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போடாமல் சொன்னாள்.

"நான் எண்ணெய் கேக்கல சாமி. இவரு போவணும்னு கேக்கல. இவரு இருக்கணும், நான் தூங்கணும். யாராச்சும் ஒரு ஆம்பள வந்து ரெண்டு மணி நேரம் உக்காருங்க. ஜெபம் வேணாம், பழம் வேணாம். சும்மா உக்காருங்க."

ரோசா அக்கா பாட்டுப் புத்தகத்தை மெதுவாகப் பைக்குள் வைத்தார். வாசலிலிருந்து பிரகாசம் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், பெண்டாட்டி இல்லை. கூட்டத்தில் அவர் ஆமென் தவிர வேறு பேசி நான் கேட்டதில்லை.

"எனக்கு ஜெபம்லாம் சொல்ல வராது. உக்காரத் தெரியும். எப்படிப் புரட்டணும்னு மட்டும் சொல்லிக் குடும்மா."

அன்று மத்தியானமே சாப்பிட்டுவிட்டு வந்தார். லினெட் புரட்டுவதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இருப்புக்கொள்ளாமல் வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். நான் கையைப் பிடித்து இழுத்துவந்து என் கட்டிலில் தள்ளினேன். ரெண்டு மணி நேரத்தில் எழுப்பு என்றாள். நான் சரி என்று சொல்வதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டாள். எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. தெருவிளக்கு எரிந்தபிறகு தானே அடித்துப் பிடித்து எழுந்து, என்னைக் கண்டபடி திட்டிக்கொண்டே ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

பிரகாசம் அண்ணன் நாற்காலியிலேயே இருந்தார். அந்துவான் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். ஒரே நாளில் குணமாக இதென்ன சினிமாவா? லினெட், மன்னிச்சிடுங்க, நேரமாயிடுச்சு என்று இரண்டு பேரிடமும் மாறி மாறிச் சொன்னாள். அந்துவான் கழுத்தைத் திருப்பினார். அவள் கன்னத்தில் தலையணை மடிப்பு கோடு கோடாகப் பதிந்திருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தூங்குனியா?"

"தூங்கிட்டேங்க."

அவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"நாளைக்கும் வாங்கண்ணே."