குணாதியின் குல்லா

மலாங் நகரில் டோஃபு பொரித்து விற்பவரின் மகள் லெஸ்தியானி, மூன்று ஆண்டுகளாகத் தீயணைக்கும் ரோபோ செய்கிறாள். அது அறை அறையாகத் தானே தேடிப்போய், எரியும் மெழுகுவர்த்தியை ஊதி அணைக்க வேண்டும். இன்றைய போட்டியில் மூன்று வாய்ப்புகள். முதல் இரண்டு முறையும் அவளுடைய ரோபோ மெழுகுவர்த்தியை விட்டுவிட்டு, மாதிரி அறைகளின் தாழ்ந்த சுவருக்கு மேலே தெரிந்த, டிவிக்காரர்கள் படம்பிடிக்க வைத்த விளக்கைப் பார்த்து ஊதியது. சூடேறிய விளக்கும் அதன் சென்சாருக்கு நெருப்புதான்.

"அண்ணே, அந்த ஒரு விளக்கைக் கொஞ்சம் குறைங்க. காலையில பெரிய காலேஜுக்குக் குறைச்சீங்களே?"

"அவங்க போன வருஷ சாம்பியன், தங்கச்சி. நீங்க யாரு?" என்றார் டிவிக்காரர்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே!"

அவர் நகர்ந்துவிட்டார். மூன்றாவது வாய்ப்புக்கு இன்னும் நான்கே நிமிடம். பக்கத்தில் கூட்டாளி குணாதி கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தான். அவன் தலையில் கருப்பு வெல்வெட் குல்லா.

"வேண்டினது போதும்டா. குல்லாவைக் கழட்டு."

"அடிப்பாவி, பெருநாளுக்கு அம்மா வாங்கித் தந்தது!"

"உள்ள அட்டை இருக்குல்ல? அதான் வேணும்."

லெஸ்தியானி அட்டையைக் கத்தரியால் வெட்டி, சென்சாருக்கு மேலே கூரைபோல ஒட்டினாள். மணி அடித்தது. ரோபோ முதல் அறைக்குள் போய் அசையாமல் நின்றது. பிறகு அது மெல்லத் திரும்பி, அடுத்த அறைக்குள் நுழைந்து ஊதியது. நூலாகப் புகை எழுந்தது.

டிவிக்காரர் மைக்கோடு ஓடிவந்தார். "யாருக்கு நன்றி சொல்றீங்க?"

"குணாதியோட அம்மாவுக்கு. அப்புறம் அந்த விளக்கைப் பத்தி ஒண்ணு சொல்லணும். கேமராவை அணைச்சிடாதீங்க, அண்ணே."