மூன்றாவது பாவு ஏற்றுவதா வேண்டாமா

எங்கள் வீட்டில் ரகசியம் பேச இடம் கிடையாது. பாதி வீட்டைத் தறி தின்றுவிட்டது. மீதியில் மாமனார், மாமியார், நாங்கள் இருவர், எங்கள் பெண்கள் இருவர், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். காற்றுகூட ஒருக்களித்துத்தான் உள்ளே வரும். ஆரணியில் எங்கள் தெரு முழுக்க இப்படித்தான். எங்கள் தறியும் பக்கத்து வீட்டுத் தறியும் விடியும்போதே வாய்ச்சண்டை ஆரம்பித்துவிடும். அதற்கு நடுவே கிசுகிசுத்தால் காதில் விழாது, கத்தினால் தெருக்கோடிக்கே கேட்கும். இடைப்பட்ட ஒரு குரலை நாங்கள் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

எமர்ஜென்சி முடிந்து நாலைந்து வருஷம் இருக்கும். சின்னவளுக்குப் பத்து மாதம். பால் கொடுக்கிற வரைக்கும் மறுபடி நிற்காது என்று தெருவே சொல்லிற்று. நான் தெருவை நம்பினேன். தெரு பொய் சொல்லிவிட்டது.

என் வீட்டுக்காரர் தறிக்குழியில் உட்கார்ந்து புடவையின் உடலை நெய்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா எறிவேன்; குறுக்கிழையைச் சுமந்து போகிற, படகு மாதிரியான கட்டை அது. அப்படி எறிந்துகொண்டே சொன்னேன்.

“என்னாங்க, நாள் தள்ளிப் போயிருக்கு.”

“முதலாளிகிட்ட சொல்லிக்கலாம் வுடு. நாலு நாள் லேட்டானா தலையா போயிடும்?”

“முதலாளிகிட்ட இன்னாத்த சொல்லுவீங்க? எனக்குத் தள்ளிப் போயிருக்கு.”

நாடா பாதி வழியில் நின்றது. பட்டுக்கு நடுவே படகு தட்டிய மாதிரி அவர் முகம்.

இரண்டு முழம் தள்ளி மாமியார் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். அவர் காது முறத்தில் இல்லை. என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். பயந்தால் அவருக்கு மூளை வேலை செய்யும். மற்ற நேரத்தில் அதற்கு ஓய்வு.

“மூணாவது பாவு ஒண்ணு வந்துகீதாமே. ஏத்தறதா, வேணாவா?”

பாவு என்பது தறியில் நெடுக்கே இழுத்துக் கட்டுகிற இழை. முதலாளி கொடுப்பார், நாங்கள் தறியில் ஏற்றி நெய்வோம். எனக்குப் புரிந்துவிட்டது.

“வேணாம்னு தோணுது. வந்த பாவாச்சேன்னும் கீது.”

அன்றிலிருந்து அதுதான் எங்கள் பாஷை. நாங்கள் ரொம்பக் கெட்டிக்காரர்கள் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம்.

சின்னவளுக்குச் சளி என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். போன பிரசவத்தில் ரத்தம் ஏற்றிய சீட்டைப் படித்தார். ஏழெட்டு வாரம் என்றார்.

“வேணாம்னு முடிவு பண்ணா இந்த ஒரு மாசத்துக்குள்ள வந்துடு. நாள் ஆக ஆகக் கஷ்டம் கூடும். பெத்துக்கிறதா இருந்தா இன்னைலேர்ந்து மாத்திரை, மாசாமாசம் இங்க வரணும். ரெண்டுல எதுன்னாலும் இங்கதான். நாட்டு மருந்து, குச்சின்னு எவளாவது சொன்னா அவ வீட்டுப் பக்கமே போகாத. உசுருக்கே ஆபத்து.”

“யாரைக் கேட்டு முடிவு பண்றதுங்க?”

“உன்னைத்தான்.”

அன்றைக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்றுகூட என்னை யாரும் கேட்டதில்லை. பெரிய கேள்வியாகத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டார். வழியெல்லாம் அதை இடுப்பு மாற்றி இடுப்பு சுமந்துகொண்டு வந்தேன், சின்னவளோடு சேர்த்து.

வீட்டில் கூட்டம் கூடியிருந்தது. வாசலில் தெரிந்தது மாமனாரின் செருப்பு, உள்ளே அவர் கோபம். புதுப் பாவு வந்திருக்கிறது, சின்னஞ்சிறுசுகள் தயங்குகின்றன என்று மாமியார் ஒப்பித்திருந்தார். மாமனார் பாவு விஷயத்தில் நீதிபதி. சோறு ஆறினாலும் விசாரணை ஆறக்கூடாது.

“போன பாவுல என்னாடா ஆச்சு?”

“ரொம்ப சேதமாயிடுச்சி நைனா. பொழைச்சதே பெருசு.”

“தறி தாங்குமா? மரம் தளர்ந்து கீறப்ப எவ்ளோ நல்ல பட்டானாலும் இழுத்துக் கட்டக் கூடாது.”

நான் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டேன். தறி என்று யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று அவருக்குத் தெரியாது.

“யார் உக்கார்றது? நீ பாட்டுக்கு டீக்கடைக்குப் போயிடுவ. அந்தப் பொண்ணுதான உக்காரணும்? அதுக்கு மனசு கீதான்னு கேட்டியா? மனசில்லாம உக்காந்தா கரை கோணிக்கும். வேணாம்னா இப்பவே சொல்லிடு. பாதி ஏத்தினப்புறம் பிடுங்கறது ரெண்டு பக்கமும் நாசம்.”

என்ன அழகான கேள்விகள்! எனக்குக் கண் கலங்கிற்று. அழுதால் மாட்டிக்கொள்வோம் என்று சின்னவளின் மூக்கைத் துடைத்தேன். அவளுக்குச் சளியே இல்லை.

மாமியார் கேட்டார். “அது கெடக்கட்டும். பாவு இன்னா கலரு?”

என் வீட்டுக்காரருக்கு வியர்த்தது. “கலரு... இன்னும் தெரியலமா.”

“கலரு தெரியாத பாவ எவன்டா குடுத்தான்?” என்று மாமனார் உறுமினார்.

“நான்தான் நைனா.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. முறத்தில் அரிசி நின்றது. பக்கத்து வீட்டுத் தறியும் நின்ற மாதிரி இருந்தது. அந்தத் தறிக்கும் காது உண்டு.

“அடப்பாவி! இதுக்காடா ஒரு வாரமா பாவு, பாவுன்னு பேஜார் பண்ணிகினு இருந்த?” என்றார் மாமியார்.

அதற்கப்புறம் கேள்வி ஒன்றுகூட வரவில்லை. எல்லாமே தீர்ப்பு. இரண்டும் பெண், இது பையன்தான், வாந்தியைப் பார்த்தாலே தெரிகிறது என்றார் மாமியார். நான் வாந்தியே எடுக்கவில்லை. ஆண்டவன் கொடுத்தது என்று மாமனார் கூரையைப் பார்த்தார். கூரை ஒழுகும். பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, “பப்பாளிக்கா கீது, கொண்டாரட்டா?” என்றாள். என் வீட்டுக்காரர் தறிக்குழிக்குள் இறங்கிக்கொண்டார். இன்னும் ஆழமாக இருந்தால் இன்னும் இறங்கியிருப்பார்.

எங்கிருந்து வந்ததோ, எனக்குக் குரல் வந்தது.

“பாவுக்கு அத்தினி கேள்வி கேட்டீங்களே மாமா. புள்ளைக்கு ஒண்ணாவது கேளுங்க.”

மாமனார் கூரையிலிருந்து மெல்லக் கீழே இறங்கினார். அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

“ஒடம்பு தாங்குமாம்மா?”

“டாக்டரம்மா பாத்துக்கலாம்னாங்க மாமா. மனசுதான் தெரியல.”

“அப்ப தெரிஞ்சிகினு சொல்லு” என்று எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தெரிந்துகொள்வது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. நானே ஒரு வழி பண்ணினேன். முதல் நாள் முழுக்க, பெற்றுக்கொள்ளப் போகிறவளாக வாழ்ந்து பார்த்தேன். பழைய துணியைத் துண்டு போட்டேன். வயிற்றோடு பேசினேன். ஒரு பெயர்கூட வைத்தேன், அதை இங்கே எழுத மாட்டேன். சாயங்காலமானதும் பயம் வந்தது. போன பிரசவத்தில் பார்த்த அந்தப் பச்சைத் திரை, காலுக்கடியில் சூடாகப் பரவிய என் ரத்தம், மறுபடி அப்படியானால் சின்னவள் பாலுக்கு அழ நான் எழுந்திருக்க முடியாமல் கிடப்பது. மறுநாள் முழுக்க, வேண்டாமென்று சொன்னவளாக வாழ்ந்து பார்த்தேன். சாயங்காலமானதும் துக்கம் வந்தது. பெரிய துக்கம்தான். ஆனால் அதை மடியில் வைத்துக்கொண்டு என்னால் சோறு வடிக்க முடிந்தது, பெரியவளுக்குத் தலை பின்ன முடிந்தது. பயத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் முடியவில்லை.

மூன்றாம் நாள் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். என் கணக்கு எனக்கு. இன்னொருத்திக்குப் பயமும் துக்கமும் இடம் மாறி வரலாம், அவள் வேறு சொல்லலாம். அவள் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்.

மாமியார் அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் மட்டும் சின்னவளை வெடுக்கென்று வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து, “ஜல்தியா வந்து சேரச் சொல்லு. இவ என்கிட்ட தூங்கமாட்டா” என்றார். சுவர் தலையாட்டவில்லை. நான் ஆட்டினேன்.

ஆஸ்பத்திரியில் படிவத்தை நீட்டியதும் என் வீட்டுக்காரர் பேனாவைத் திறந்துகொண்டு முன்னால் வந்தார். நர்சம்மா தடுத்தாள்.

“நீ எதுக்குய்யா கையெழுத்து போட்ற? உனக்கா பண்ணப் போறோம்?”

“புருஷங்க நான்.”

“இருந்துட்டுப் போ. மேஜர் பொம்பளை, அவங்க போட்டா போதும்.”

கல்யாணப் பத்திரிகையில்கூட என் பெயர் அவர் பெயருக்குக் கீழேதான் இருந்தது. அந்தத் தாளில் நான் மட்டும் இருந்தேன். எழுத்து கோணலாக வந்தது, மெதுவாகப் போட்டேன்.

டாக்டரம்மா மறுபடி ஒரு தடவை, என் வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார். யாராவது கட்டாயப்படுத்தினார்களா? இல்லை என்றேன். இப்போது மனசு மாறினாலும் எழுந்து போகலாம் என்றார். மாறவில்லை என்றேன். இனிமேல் நிற்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று பிறகு பேசுவோம், ஆம்பளைக்குப் பண்ணுகிற ஆபரேஷன் சின்னதுதான் என்று கதவுப் பக்கம் சத்தமாகவே சொன்னார். கதவுக்கு வெளியே நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. எட்டிப் பார்த்தால் நாற்காலி மட்டும்தான் இருந்தது.

சாயங்காலம் சைக்கிள் ரிக்‌ஷாவில் திரும்பினோம். “மெதுவா போப்பா” என்று ரிக்‌ஷாக்காரரிடம் அவர் சொல்லிச் சொல்லி, ஒரு எருமை எங்களை முந்திக்கொண்டு போயிற்று. சொன்ன நேரத்துக்குத் துக்கம் வந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது. நான் அழுதேன்.

“வலிக்குதா மே?”

“பசிக்குது.”

ஓட்டல் வாசலில் குதித்து ஓடினார். நாலு இட்லிப் பொட்டலத்தோடு வந்தார், சட்னியை மறந்துவிட்டு. அழுதுகொண்டே நாலையும் நான்தான் சாப்பிட்டேன். ஒன்றைக்கூட அவருக்குக் கொடுக்கவில்லை.