உருளுமா, பறக்குமா?

வேலாயுதம் போய்விட்ட செய்தி எனக்குக் கைப்பேசி ஸ்டேட்டஸில் வந்தது. ஜீப்பின் பின்கதவைத் திறந்துவைத்துப் பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் அவருடைய படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தார். சம்பந்தி வீட்டுக்கு முதலில் சொல்லிவிடுவதுதான் முறை. ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு எனக்குத் தெரிந்தது. துக்கத்தில் மறந்திருப்பார்கள் என்று ஆளாளுக்குச் சமாதானம் சொல்கிறார்கள். நான் சமாதானம் ஆகவில்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அவர் ஊரான குளத்தூரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் அவரைச் ‘சாந்தசொரூபி’ என்று போட்டிருந்தார்கள். அவரை அறிந்தவர்களே, நீங்களே சொல்லுங்கள். அந்த மனிதர் எந்தக் காலத்தில் சாந்தமாக இருந்தார்? பஸ் ஓட்டிய காலத்தில் ஹாரனுக்கு முன்னால் அவர் குரல் போய்ச் சேரும் என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குரல் முழுக்க எனக்குத்தான் கிடைத்தது. என் மகள் கலாவை அவர் மகனுக்குக் கொடுத்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரு விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. அந்தச் சுகத்தை ஒரு சுவரொட்டி மறைப்பதை நான் ஏற்க மாட்டேன். அதற்காகத்தான் எழுதுகிறேன். என் ஜீப்பில் கிரில் மாட்டிய கதையைச் சொன்னால் போதும்.

என்னுடையது பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப். திருவரங்குளத்துப் பக்கம் மழை பெய்துவிட்டால் தோப்புக்குள் வேறு வண்டி இறங்காது. பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடத்தில் பழத்தைக் குவித்து ஏற்றுவேன். ஒரு நாள் மாடு குறுக்கே வர, பிரேக்கை அழுத்தினேன். முழுப் பலா ஒன்று சீட்டைத் தாண்டி வந்து, பின்சீட்டில் இருந்த என் மனைவி ராசாத்தியின் தோளில் இறங்கியது. முள் குத்திய தோளோடு அவள் வண்டியை விட்டு இறங்கினாள்.

“இனிமே இதுல ஒங்க பழம் போகட்டும். நான் வரல.”

சொன்னால் சொன்னதுதான். என்னோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியவள் வேறு எப்படி இருப்பாள்?

பேத்தியின் காதுகுத்து நெருங்கிக்கொண்டிருந்தது. தாய்மாமன் சீர் எங்கள் வீட்டிலிருந்து குளத்தூருக்குப் போக வேண்டும். எங்கள் தோப்புப் பலா இல்லாமல் அது சீரே இல்லை. சீர் ஜீப்பிலும், சீர் கொண்டுவருகிறவள் பஸ்ஸிலும் வந்து இறங்கினால், நாலு பேர் கலாவைத்தான் பிடித்துக் கேட்பார்கள். ராசாத்தியோ அசைவதாக இல்லை. அப்போதுதான் வேலாயுதத்திடமிருந்து போன் வந்தது.

“சம்பந்தி, புதுக்கோட்டைல பழைய இரும்புக் கடையில ஒரு கிரில்லு கெடக்கு. சீட்டுக்குப் பின்னால நிப்பாட்டுற கம்பித் தடுப்பு. ஒங்க ஜீப்புக்குன்னே பொறந்த மாதிரி இருக்கு. சட்டையப் போட்டுக்கிட்டு ஓடியாங்க.”

“அளந்து பாத்தீங்களா?”

“வாங்க, பாத்துருவோம்.”

அளவு தெரியாத எதற்கும் அவர் சொல்லும் ஒரே பதில் அதுதான்.

இரும்புக் குவியலில் அதைக் கண்டதும் எனக்கும் உடம்பு பரபரத்தது. கெட்டியான குழாய்ச் சட்டம், நெருக்கமான கம்பி வலை, துருவும் மேலோட்டம்தான். வேறு ஏதோ பெரிய வண்டியில் இருந்தது. அந்த வண்டியின் சக்கர மேடுகளுக்கு இடம் விட்டுக் கீழ் மூலைகள் இரண்டையும் வெட்டியிருந்தார்கள். என் ஜீப்பில் சக்கர மேடு சீட்டை விட்டு நன்றாகத் தள்ளித்தான் இருக்கிறது. வெட்டு கீழே வந்தால் இரண்டு பக்கமும் சந்து விழும். கிரில்லைத் தலைகீழாக மாட்டினால் தரையோடு அடைபட்டுவிடும், சந்து மேலே போய்விடும் என்றேன். அங்கேயே ஆரம்பித்துவிட்டார்.

“தலைகீழாவா? சம்பந்தி, பிரேக்கு அடிச்சா பழம் பறக்கும்.”

“உருளும். பலாவுக்கு எங்க றெக்கை இருக்கு?”

“நான் பஸ்ஸு ஓட்டுனவன். தக்காளிக் கூடை பறந்து கண்டக்டரு தலையில கவுந்ததப் பாத்தவன்.”

“தக்காளியப் பத்தித் தக்காளிக்காரன்ட்டப் பேசுங்க. நான் பலா ஏத்துறவன்.”

கடைக்காரர் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, கிரில்லைத் தானே தூக்கி வண்டியில் வைத்து அனுப்பினார்.

வண்டி என்னுடையது. ஆகவே தலைகீழாகத்தான் மாட்டினோம். எங்கள் வாசலில், நல்ல வெயிலில், வேலாயுதம் சட்டையைக் கழற்றிவிட்டு ஜீப்புக்கு அடியில் போய்விட்டார். மேலே நான் போல்ட்டைப் பிடிக்க, அடியிலிருந்து அவர் நட்டை முடுக்கினார். ராசாத்தி பதறிக்கொண்டு வந்தாள்.

“மாப்பிள்ளையப் பெத்தவுகள மண்ணுல படுக்க வச்சிருக்கீங்களே! பாக்குறவுக காறித் துப்ப மாட்டாகளா? அண்ணே, எந்திரிச்சு வாங்கண்ணே!”

“தங்கச்சி, வெளிய வந்தாத்தான் நான் சம்பந்தி. வண்டிக்கு அடியில பழைய டிரைவரு” என்று குரல் மட்டும் வந்தது. “ஒங்க வீட்டுக்காரரக் கொஞ்சம் வாய மூடச் சொல்லுங்க. நட்டு மரையில ஏற மாட்டேங்குது.”

பெண் வீட்டுக்கு வந்தால் நாற்காலியை விட்டு அசையாமல், காபியில் குறை சொல்லும் சம்பந்திகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முதுகெல்லாம் செம்மண்ணும் கிரீஸுமாக எழுந்து நின்ற சம்பந்தி இவர் ஒருவர்தான்.

பிடித்து உலுக்கினோம். ஜீப் ஆடியது, கிரில் ஆடவில்லை! உடனே பழத்தை ஏற்றச் சொன்னார். நான் தடுப்பதற்குள், பின்சீட்டில் ராசாத்தி உட்காரும் அதே இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“வெரட்டிக்கிட்டு வந்து அடிங்க பிரேக்க. தங்கச்சி பாக்கட்டும்.”

வீட்டுக்கு எதிரே வெறும் பொட்டல். விரட்டிக்கொண்டு போய், இருந்த பலத்தையெல்லாம் காலில் கொடுத்து மிதித்தேன். பின்னால் இடி விழுந்தது போலச் சத்தம். புழுதி அடங்கித் திரும்பிப் பார்த்தால், பழமெல்லாம் கிரில்லில் முட்டிக் கிடந்தது. ஒன்றே ஒன்று மட்டும் மேல் மூலைச் சந்தில் செருகிக்கொண்டு, வேலாயுதத்தின் காதோரம் எட்டிப் பார்த்தது. அவர் அசையவில்லை. கண்ணை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினார்.

“பறந்துச்சா, இல்லையா?”

“உருண்டு வந்து எம்பிருச்சு.”

“எம்புறதுக்குப் பேருதான் பறக்குறது!”

“உருண்டாத்தான் எம்ப முடியும்!”

ராசாத்தி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். மறுநாள் வேலாயுதம் பழைய சைக்கிள் கேரியர்கள் இரண்டைக் கொண்டுவந்து, மேல் மூலைச் சந்துகளில் வைத்து முடுக்கினார். “ஒங்க பக்கம் உருளட்டும், எம் பக்கம் பறக்கட்டும்” என்றார். காதுகுத்து அன்று ராசாத்தி பட்டுப்புடவையோடு பின்சீட்டில் ஏறினாள். பூக்கூடையை அந்தக் கேரியரில் மாட்டிக்கொண்டாள். குளத்தூரில் வாசலுக்கு முதல் ஆளாக வந்து நின்றவர் அவர்தான். சீரைப் பார்க்கவில்லை, நேரே கிரில்லைப் பார்த்தார்.

“உருண்டுச்சா பறந்துச்சா, தங்கச்சி?”

“எனக்கு எங்கண்ணே தெரியும்? அது முதுகுக்குப் பின்னாலதானே நடக்குது!”

அவருக்குக் கோடித்துணி எடுத்துப் போனதும் அந்த ஜீப்பில்தான். ஏற்றிய பழத்தை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினோம். ராசாத்தி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்து திரும்பும்போது மருமகன் வண்டியை எட்டிப் பார்த்தான். “மாமா, கிரில்லு தலைகீழா இருக்கே, திருப்பி மாட்டித் தரவா?” நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். தொடக் கூடாது என்றேன்.

அதைத் திருப்பினால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும். கேரியர்களைக் கழற்றினால் நான் சொன்னது சரி என்று ஆகிவிடும். இரண்டுக்கும் நான் சம்மதிக்க மாட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இரண்டு கேரியர்களும் தீராத அந்த வழக்கும்தான். சாந்தசொரூபி என்று அச்சடித்து அதை முடித்துவைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

பலாப்பழம் உருளத்தான் செய்யும், சம்பந்தி. இல்லையென்றால் வந்து சொல்லுங்கள்.