டிஃப் லாக் கேட்டு வந்தவர்

ஜவ்வாது மலையிலிருந்து பழைய டிராக்டரைத் தானே ஓட்டிக்கொண்டு, செங்கத்தில் இருக்கும் என் பட்டறைக்கு அவர் வந்தார். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, வெயிலில் கறுத்து ஒடுங்கிய முகம். வண்டியைக் கிளப்பும் முன் ஒவ்வொரு முறையும் திரும்பி, "பின்னாடி யாரும் இல்லியே?" என்று சத்தமாகக் கேட்பார். நாங்கள் எல்லோரும் முன்னால் நின்றாலும் கேட்பார்.

அந்த வண்டியில் டிஃப் லாக் கிடையாது. சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றினால் மற்றது நின்றுவிடும். பெடலை மிதித்ததும் இரண்டு பின்சக்கரங்களும் சேர்ந்து சுற்றும்படி லாக் பொருத்திக் கொடுத்தேன். பட்டறைக்குப் பின்னால் சேற்றில் ஓட்டிப் பார்த்தார். சக்கரம் வழுக்கியதும் பெடலை மிதித்தார். வண்டி சுலபமாக மேலே ஏறிவிட்டது.

எஞ்சினை நிறுத்தியவர் இறங்கவில்லை.

"அண்ணா, இது முன்னயே இருந்திருந்தா அவரு எறங்கியிருக்க மாட்டாரு இல்ல?"

"யாரும்மா?"

"எங்க வூட்டுக்காரரு. போன மழைல மேட்டுல சக்கரம் வழுக்கிச்சி. பின் சக்கரத்துக்கு அடில கல்லு வெக்க எறங்குனாரு. வெச்சிட்டாருன்னு நெனச்சி நான் பிரேக்க வுட்டேன். வண்டி பின்னால போய் அவரு மேல ஏறிடுச்சி."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, எறங்க வேண்டி வந்திருக்காது," என்றேன்.

தலையாட்டிவிட்டு, முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு வண்டியை மலைப்பாதையில் திருப்பினார். லாக் இருந்திருந்தாலும் அது நடந்துதான் இருக்கும் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்துத்தான் கேட்டாரோ என்னவோ.