உள்ளே பார்த்த அம்பு

ஏசி குழாய் மாட்டுகிறவனாக இருந்தேன். சாரத்திலிருந்து விழுந்தேன். எங்கள் ஊர் புத்தூரிலேயே கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியது. கை மட்டும் தோளுக்கு மேல் போகவில்லை. தலைக்கு மேல் செய்கிற வேலை அதோடு போயிற்று.

உட்கார்ந்து செய்கிற வேலை வேண்டும். திருப்பதியில் கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் வரையச் சொல்லித்தரும் வகுப்புக்குப் போனேன். பத்தாவது தாண்டாதவன். புரிந்ததைவிடப் புரியாதது அதிகம். ஆனாலும் முடித்தேன். அலிபிரி ரோட்டில் ஓர் ஆபீஸில், கம்ப்யூட்டரில் ஒரு மாடல் செய்து காட்டு, சரியாக வந்தால் வேலை என்றார்கள். வராவிட்டால் மச்சானின் அரிசிக் கடையில் மூட்டைக்குக் காவல். மச்சான் என் மனைவிக்கு அண்ணன். நான் கடைக்கு வரப்போவதாக ஏற்கெனவே தெருவில் சொல்லிவிட்டான்.

செய்ய வேண்டியது ஓர் ஓட்டலுக்கான ஏசி பெட்டி. சீலிங்கில் தொங்குவது. பெட்டி வரைவது கஷ்டமில்லை. கனெக்டர் வைப்பதுதான் வேலை. குழாய் எங்கே வந்து சேரும் என்று கம்ப்யூட்டருக்குக் காட்டுகிற புள்ளி அது. அது சரியில்லையென்றால் பெட்டி வெறும் பொம்மை.

வைத்தேன். ஒவ்வொரு கனெக்டருக்கும் ஓர் அம்பு உண்டு. தண்ணீர் உள்ளே போகிற இடத்தில் அம்பை உள்ளே பார்க்க வைத்தேன். குழாயை இழுத்துப் பார்த்தேன்.

பக்கத்து நாற்காலியில் சித்தூர்ப் பெண் ஒருத்தி. எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது? பெட்டி வயித்த கிழிச்சிக்கினு பைப்பு அந்தாண்ட வருது."

"தண்ணி உள்ளதான போவுது. அம்பு உள்ளதான் பாக்கணும்."

"தண்ணி போவட்டும். பைப்பும் கூடவே போவணுமா?"

சைட்டில் குழாயின்மேல் பெயின்டால் அம்பு போடுவோம். தண்ணீர் போகிற பக்கம் காட்டும். இருபது பேர் வேலை செய்கிற இடத்தில் அதுதான் பேச்சு. அந்தப் பழக்கத்தில் வைத்துவிட்டேன். இங்கே அம்பு தண்ணீருக்கு இல்லை. குழாய் எந்தப் பக்கம் புறப்பட வேண்டும் என்பதற்கு. தண்ணீரின் போக்கைக் குறிக்கத் தனி இடம் இருந்தது. அம்பைத் திருப்பினேன். குழாய் வெளியே வந்தது.

மத்தியானம் மேடம் வந்தார். ஆபீஸுக்கு அவர்தான் பெரியவர். தெலுங்குக்காரர். உட்காராமலே பெட்டியின் அகலத்தைக் கூட்டினார். பெட்டி வீங்கியது. கனெக்டர்கள் நகரவில்லை. பெட்டிக்குள் புதைந்துபோயின.

"சூசாரா, பாத்தீங்களா? பெட்டி பெருசாச்சி, பாயின்ட் அங்கயே நிக்குது. சாயந்தரம் மறுபடி பாக்கறேன். அப்பவும் இப்படின்னா கஷ்டம்."

சித்தூர்ப் பெண் டீ குடிக்கக் கூப்பிட்டாள். போகவில்லை.

யோசித்தேன். சுவரிலிருந்து இவ்வளவு, தரையிலிருந்து இவ்வளவு என்று அளந்து வைத்திருந்தேன். சைட்டில் அது போதும். சுவர் நகராது. இங்கே பெட்டியின் சுவரே நகர்கிறது. அப்படியானால் புள்ளி சுவரோடு போக வேண்டும்.

எல்லாவற்றையும் அழித்தேன். பெட்டியின் பக்கவாட்டு முகத்திலேயே கனெக்டரை ஒட்டினேன். அதன் தூரத்தைப் பெட்டியின் விளிம்போடு கட்டினேன். கழிவுத் தண்ணீர்க் குழாய்க்கும் அப்படியே. அகலத்தைக் கூட்டினேன். கூடவே வந்தது. குறைத்தேன். வந்தது. யாரும் பார்க்கவில்லை. நானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயந்தரம் மேடம் வந்து பெட்டியைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார். ஓட்டல் படத்தில் ஒரு மாடி முழுக்க அதை வைத்தார். குழாயை இழுத்தார். ஒவ்வொரு பெட்டியிலும் போய் ஒட்டியது.

"பாகுந்தி," என்றார். "திங்கக்கிழமை வந்துடுங்க. மத்த மாடிக்கும் இதே பெட்டிதான்."

தலையாட்டினேன்.

"இன்னாண்ணா, சிரிக்கக்கூட மாட்டீங்களா?" என்றாள் சித்தூர்ப் பெண்.

"சிரிச்சிக்கினுதான் கீறேன்."

"எங்க, காணோமே."

ஸ்டேஷனுக்கு நடந்தேன். நெஞ்சு நிமிர்ந்துதான் நடந்தேன். மறைக்க ஒன்றுமில்லை. கையை மேலே தூக்காமலே ஒரு மாடி முழுக்கக் குழாய் மாட்டியிருந்தேன். ரயிலில் இடம் கிடைத்தது. மனைவிக்குப் போன் செய்தேன்.

"எடுத்துக்கினாங்க."

அவள் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணங்கிட்ட நீ சொல்லாத," என்றாள். "நான் போய்ச் சொல்றேன். கடையில கூட்டம் இருக்கசொல்லவே சொல்றேன்."

ரயில் புத்தூர் வந்து சேருவதற்குள் தெருவுக்கே தெரிந்திருந்தது.